மார்கழியில் 160 மீட்டர்

சூரியன் தன் சுழற்சியின் உச்சத்துக்கு வந்துவிட்டது என்று 2024 அக்டோபரில் நாசா அறிவித்தபோது எங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) வட்டாரத்தில் ஒரே கொண்டாட்டம். 10 மீட்டர் அலைவரிசை பகல் முழுக்கத் திறந்தே கிடந்தது. மொட்டைமாடியில் துணிக்கொடி நீளத்துக்கு ஒரு கம்பியைக் கட்டி, சின்ன ரிக்கில், அதாவது அனுப்பவும் கேட்கவும் செய்யும் ரேடியோவில், ஐந்து வாட் கொடுத்து, பிரேசிலோடு பேசினேன், ஸ்பெயினோடு பேசினேன் என்று ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளுக்குள் ஓடியது வேறு கணக்கு. இந்தச் சூரியன் எப்போது அடங்கும்?

நான் லோ பேண்ட் ஆள். 160, 80, 40 மீட்டர் மூன்றும் அந்தக் கணக்கில் வரும். அதில் 160 மீட்டருக்கு ‘டாப் பேண்ட்’ என்று பெயர். பித்துப் பிடித்தவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம். வீட்டில் பழைய ரேடியோப் பெட்டி இருந்தால் மீடியம் வேவ் முள்ளை வலது கடைசிக்குத் தள்ளுங்கள். 1600 கிலோஹெர்ட்ஸ் வரும். அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் 1800. அங்கேதான் எங்கள் 160 மீட்டர் தொடங்குகிறது. மீடியம் வேவுக்கு அடுத்த வீடு என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் குணமும் அதே குணம்.

அந்தக் குணம் என்னவென்று முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ரேடியோ கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் உள்ளூர் நிலையம் மட்டும் கணீரென்று கேட்கும். இருட்டிய பிறகு முள்ளை நகர்த்த நகர்த்த, யாரோ தெலுங்கில் செய்தி வாசிப்பார், யாரோ இந்தியில் பாடுவார், இடையில் என்ன மொழி என்றே தெரியாத ஒரு குரல் ஏறி இறங்கும். காரணம், தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு. சூரிய ஒளியில் அங்கே எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும். ஆனால் காற்று அடர்த்தி அதிகம் என்பதால் அவை மூலக்கூறுகளோடு மோதிக்கொண்டே இருக்கும். கீழிருந்து போகும் ரேடியோ அலையின் சக்தி இந்த மோதலிலேயே வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. அலைவரிசை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு உறிஞ்சலும் கூடும். பாதியாகக் குறைத்தால் நான்கு மடங்கு. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைந்து, அலை 300 கிலோமீட்டர் உயரத்து எஃப் அடுக்கு வரை போய் மடங்கித் திரும்புகிறது. ஆகவே டாப் பேண்டில் தூரத்து ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் அங்கேயும் இருட்டு, இங்கேயும் இருட்டு, நடுவில் இருக்கும் பாதை முழுக்க இருட்டாக இருக்க வேண்டும். சூரியன் அமைதியாக இருக்கும் வருஷங்களில் இந்த உறிஞ்சலும் குறைவு; அவை எங்களுக்கு விசேஷம் என்பதும் அதனால்தான்.

எனவே இந்த ஆட்டத்தில் முதல் கருவி ரிக் இல்லை, பஞ்சாங்கம். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் டிசம்பர் கடைசியில் ஆறு மணி தாண்டி அஸ்தமனம். உதயம் ஏறக்குறைய 6:40. மாலையில் இருட்டியதும் ஜப்பான் வரும். அங்கே ஏற்கெனவே ராத்திரி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது விடியற்காலை. லாஸ் ஏஞ்சலஸில் சூரியன் உதிக்க நம் நேரம் இரவு எட்டரை ஆகும். அந்த இரண்டேகால் மணி நேரம்தான் கலிஃபோர்னியாவுக்கு வழி. ஒன்பதரைக்கு இங்கிலாந்து இருட்டும். அமெரிக்கக் கிழக்குக் கரை இருட்ட நம் நேரம் நடுராத்திரி தாண்டி 2:45. அதிலிருந்து நம் உதயம் வரை பாஸ்டனும் நியூயார்க்கும் சாத்தியம். சாத்தியம் என்றுதான் சொல்கிறேன். பாஸ்டன் இங்கிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அந்தப் பாதை ரஷ்யா, ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்துப் பக்கம், கிரீன்லாந்தின் தென்முனை என்று போகிறது. துருவ ஒளி ஆடும் வட்டாரம் அது. சூரியன் லேசாகத் தும்மினாலும் அந்த வழி அடைத்துக்கொள்ளும். ஐரோப்பா அவ்வளவு முரண்டு பிடிக்காது.

இதெல்லாம் கூடி வரும் மாதம் மார்கழி. நீண்ட இரவு, வடகிழக்குப் பருவமழை அடங்கி இடிச்சத்தம் ஓய்ந்த வானம். ஊரே நாலரைக்கு எழுந்துகொள்ளும் மாதம் வேறு. அம்மா வாசல் தெளிக்கும்போது நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்குகிற நேரமும் ஐரோப்பா உரக்க வருகிற நேரமும் ஒன்றே.

ஆன்டெனா விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஓடிப்போகிறார்கள். 10 மீட்டருக்கு ஐந்து மீட்டர் கம்பி போதும். 160 மீட்டருக்கு அரை அலை நீளக் கம்பி 78 மீட்டர் ஆகும். அது தூரத்துக்குச் சரியாக வேலை செய்யக் கிட்டத்தட்ட அதே உயரத்தில் தொங்க வேண்டும். யாரிடம் இருக்கிறது அவ்வளவு உயரம்? ஏழைகளின் வழி, தலைகீழ் ‘எல்’. 40 மீட்டர் கம்பி எடுத்து, முடிந்த உயரம் வரை செங்குத்தாக ஏற்றி, மிச்சத்தைக் கிடையாக இழுத்துக் கட்டுவது. சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு இருக்கிறது. 16 மீட்டர் மரம் ஒன்று, எதிரே இன்னொன்று.

மரம் ஏறுகிற அண்ணனிடம் கயிற்றையும் கப்பியையும் கொடுத்தபோது நடந்த பேச்சு இது.

“ஏனுங்க தம்பி, இடி விழுகாம இருக்கறதுக்குங்களா இது?”

“இல்லீங்கண்ணா, ரேடியோவுக்கு.”

“பாட்டு வருங்களா?”

“பாட்டெல்லாம் வராதுங்க. கிர்ர்ர்னு எரைச்சல் வரும். அதுக்குள்ள ‘டிட் டா’ன்னு ஒரு சத்தம் வரும்.”

“அதுக்கா இத்தன ஒசரம் ஏறச் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு ஏறினார். கூலியோடு இரண்டு இளநீரும் அவரே வெட்டிக்கொண்டார்.

கயிற்றைக் கப்பியில் ஓடவிட்டு மறுநுனியில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறேன். தென்னை ஆடும், கம்பியை இறுக்கிக் கட்டினால் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் முதல் வாரமே அறுந்துவிடும். செங்கல் ஏறி இறங்கி அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. இதற்குக் கீழே தரையில், மரத்தடியைச் சுற்றி நாலாபுறமும் ரேடியல் கம்பிகள். செங்குத்து ஆன்டெனாவுக்கு அதுதான் வேர். கம்பி குறைந்தால் நூறு வாட்டில் பாதி மண்புழுவுக்குத்தான் போகும். ரொட்டவேட்டர் ஓட்டும் டிரைவருக்கும் எனக்கும் இது விஷயமாக வருஷாவருஷம் தகராறு. இப்போது ரேடியல் போகும் இடங்களில் வெள்ளைக் குச்சி நட்டு வைத்திருக்கிறேன். ஆடுகள் குச்சியை மதிப்பதில்லை.

இத்தனையும் அனுப்புவதற்கு மட்டும். கேட்பதற்கு வேறு ஆன்டெனா. லோ பேண்டில் தோற்பவர்கள் பெரும்பாலும் கேட்பதில்தான் தோற்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் மின்னல் வெட்டினாலும் அந்தக் கரகரப்பும் நம் அலை போகிற அதே எஃப் அடுக்கில் ஏறி ராத்திரியில் வந்து சேர்கிறது. நமக்கு மார்கழி என்றால் பூமியின் தென்பாதியில் கோடை. இந்தோனேசியாவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் இடிமழைக் காலம். செங்குத்துக் கம்பி எல்லாத் திசையிலிருந்தும் அதை வாரிக்கொண்டு வரும். அதற்கு மாற்றாக வாய்க்கால் வரப்பை ஒட்டிச் சவுக்குக் குச்சிகளின் மேல், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வடமேற்குப் பார்த்து நீளமாக ஒரு கம்பி இழுத்திருக்கிறேன். கடைசி நுனியில் ஒரு ரெசிஸ்டர், அதிலிருந்து தரைக்கு. இதற்கு பெவரேஜ் ஆன்டெனா என்று பெயர். கண்டுபிடித்தவர் ஹெரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கர். முகம் ஐரோப்பாவுக்கு, முதுகு இந்தோனேசியாவுக்கு. அதில் வரும் சிக்னல் பலவீனமாகத்தான் இருக்கும்; ஆனால் இரைச்சல் அதைவிடப் பலவீனம். அந்த வித்தியாசம் போதும்.

வானத்து இரைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஊர் இரைச்சல் இருக்கிறதே! மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், சோலார் இன்வர்ட்டர், எல்லாம் 1.8 மெகாஹெர்ட்ஸில் ஆளுக்கொரு ராகம் பாடும். மார்கழிப் பனி வேறு, தூசி படிந்த மின்கம்பப் பீங்கான்களில் இறங்கி, கம்பத்துக்குக் கம்பம் பொரிய வைக்கும். இதனாலேயே, மின்வெட்டு வந்தால் ஊரில் சந்தோஷப்படும் ஒரே ஆள் நான். கரண்ட் போன அடுத்த நொடி, சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் 7இலிருந்து 3க்கு விழும். அதுவரை ஒன்றுமே இல்லாதது போலிருந்த இடத்தில் நாலைந்து நிலையங்கள் சன்னமாக எழும். ரிக்கை கார் பேட்டரியில்தான் ஓட்டுகிறேன், இந்த நிமிஷங்களுக்காகவே.

போன மார்கழியில் அப்படி ஒரு விடியற்காலை. கீழ் நுனியில், 1.820 பக்கத்தில், இரைச்சலுக்கு அடியில் மோர்ஸ் போலவும் இல்லாதது போலவும் ஒன்று. ஒரு நிமிஷம் எழும், ஒரு நிமிஷம் அமுங்கும். சிக்யூ, அதாவது ‘யாராவது பதில் சொல்லுங்கள்’ என்கிறார் என்று மட்டும் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்; அது ஏனோ காதைக் கூர்மையாக்குகிறது. ஓ... எச்... பின்லாந்து! பின்பாதி எழுத்துகள் ஒன்றொன்றாக அடுத்தடுத்த எழுச்சியில் கிடைத்தன. என் அழைப்புக்குறியை இரண்டு முறை தட்டினேன். பதில் இல்லை. மறுபடி. அமைதி. மறுபடி. அப்போது அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து ‘டிடிடிடா, டிடிடா’ என்று வந்தது பாருங்கள். வி, யு. இந்தியா என்பது அவருக்குக் கேட்டிருக்கிறது, மிச்சம் கேட்கவில்லை; கேள்விக்குறியோடு நிறுத்திவிட்டார். நான் மிச்சத்தை மெதுவாக, இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பக் கொடுத்தேன். முழுசாகப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். சிக்னல் ரிப்போர்ட் ஆளுக்கொன்று, வாழ்த்துச் சொல்லும் 73 ஆளுக்கொன்று. முடிந்தது.

ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கம்பியில் பனி உறைந்து கிடக்கும் ஊரில் ஒருவர் தூங்காமல் உட்கார்ந்து, என் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார். பேசிக்கொண்ட விஷயம் ஒன்றுமில்லை. பேர்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் பத்து நிமிஷம் இரண்டு பேரும் ஒரே வேலையில் முழுக் கவனத்தோடு இருந்தோம். ‘வணக்கம், நலமா, இங்கே மழை’ என்று அரைமணி நேரம் 20 மீட்டரில் பேசிய எத்தனையோ பேச்சுகள் எனக்கு மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

உதயத்துக்குச் சற்று முன்னால் இன்னொரு வேடிக்கை நடக்கும். அதுவரை சன்னமாக வந்த ஐரோப்பிய நிலையங்கள் திடீரென்று இரண்டு மடங்கு உரக்க எழும். இருளும் வெளிச்சமும் சந்திக்கும் அந்தக் கோட்டில் நாம் இருக்கும்போது அடுக்குகள் சாய்ந்து, அலைக்கு ஒரு நல்ல பாதை அமைந்துவிடுகிறது என்கிறார்கள். சில நாள் இருபது நிமிஷம் நிற்கும்; சில நாள் ஐந்து நிமிஷம். அதற்குள் கிழக்கு வெளுத்து டி அடுக்கு எழும்பிவிடும். குழாயை மூடியது மாதிரி எல்லாம் நிற்கும்.

இந்தப் பைத்தியத்துக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. 1912இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழே ஒதுக்கியது. அது உதவாத இடம் என்பது அன்றைய நிபுணர்களின் எண்ணம். அந்த ஒதுக்குப்புறத்திலிருந்தே அட்லாண்டிக்கைத் தாண்டிக் காட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். 1921 டிசம்பரில் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆர்ட்ராசன் என்ற கடலோர ஊரில், குளிரிலும் மழையிலும், வயலில் ஒரு கூடாரம் போட்டு உட்கார்ந்தார் மனிதர். கூடாரத்துக்கு வெளியே சுமார் 1,300 அடி நீளத்தில் பெவரேஜ் கம்பி. ஆமாம், நான் வரப்பில் கட்டியிருக்கும் அதே வகை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் கிரீன்விச்சிலிருந்து 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பியது. அலை சுமார் 230 மீட்டர், அந்த 200 மீட்டர் எல்லைக்குச் சற்று மேலே. அதைக் கட்டிய குழுவில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஒருவர், பிற்பாடு எஃப்.எம். ஒலிபரப்பைக் கண்டுபிடித்தவர். காட்லி அதைக் கேட்டார், முழுச் செய்தியாகவே எழுதி எடுத்தார். மார்கோனி அட்லாண்டிக் கடந்து ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தைக் கேட்டதாகச் சொன்னது 1901 டிசம்பர் 12. பட்டப்பகலில், அவ்வளவு தாழ்ந்த அலைவரிசையில் அது நிஜமாகவே கேட்டிருக்குமா என்று இன்றைக்கும் சந்தேகிப்பவர்கள் உண்டு. டி அடுக்கின் சேட்டை தெரிந்த நானும் சந்தேகக் கட்சிதான். காட்லி கேட்டதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்புறம் எல்லாரும் குட்டை அலைகளுக்கு ஓடிவிட்டார்கள். அங்கே பகலிலேயே உலகம் கேட்டது. 160 மீட்டர் காலியானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த இடத்தைக் கப்பல்களுக்கு வழிகாட்டும் லோரான் துடிப்புகள் பிடித்துக்கொண்டன. அந்த டக்டக் இரைச்சலுக்கு நடுவிலும் மாசசூசெட்ஸின் வின்த்ராப் ஊரில் டபிள்யூ1பிபி ஸ்டூ பெர்ரி விடாமல் உட்கார்ந்து தூரத்து நாடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்றில் கம்பி கட்டி நடத்திய ஆட்டம். இன்று ஒவ்வொரு டிசம்பர் பிற்பகுதியிலும் அவர் பேரில் ஒரு போட்டி நடக்கிறது. அதில் எத்தனை பேரிடம் பேசினாய் என்பதோடு எவ்வளவு தூரம் என்பதற்கும் மதிப்பெண். நம்மூரிலிருந்து ஆடுகிறவனுக்கு இதைவிட நியாயமான போட்டி கிடையாது. ஐரோப்பாவுக்குள்ளேயே அக்கம்பக்கத்து நாடுகளோடு நூற்றுக்கணக்கில் குவிப்பவரோடு மற்றப் போட்டிகளில் நாம் மோதவே முடியாது.

எஃப்டி8 பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். 1993இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட டிஜிட்டல் முறை. பதினைந்து விநாடிக்கு ஒரு துண்டுச் செய்தி. இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே அமுங்கிக் கிடந்தாலும் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துவிடும். 1.840இல் எந்த ராத்திரியும் அதன் ஊளை கேட்கும். சின்ன இடத்தில், சின்னக் கம்பியோடு இருப்பவர்களுக்கு இது வரம். நானும் ஓட்டுகிறேன், பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க. ஆனால் அதில் என் காதுக்கு வேலை இல்லை. திரையில் வரி வந்ததும் சொடுக்க வேண்டியது, அவ்வளவே. மீன் வாங்குவது வேறு, தூண்டில் போடுவது வேறு. ரெண்டிலும் குழம்பு ருசிக்கும் என்று நண்பர் ஒருவர் வாதாடுவார். அவரோடு நான் இதைப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

புதிதாக வருபவர்கள் நேராக 160க்கு வராதீர்கள். 40 மீட்டரில் தொடங்குங்கள். இருபது மீட்டர் கம்பி எந்த வீட்டிலும் அடங்கும், காலை வேளைகளில் தமிழில் பேசிக்கொள்ளும் ஹாம்களையே கேட்கலாம், ராத்திரியில் அதே இடத்தில் ஐரோப்பா வரும். பிறகு 80. ஹாம் உரிமத் தேர்வெழுத 12 வயசு ஆகியிருந்தால் போதும். உரிமம் தருவது மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம். மோர்ஸ் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். லோ பேண்டில் குரல் அமுங்கிப்போகும் இடத்தில் மோர்ஸ் நடந்துபோகும்.

உரிமம், ரிக், தென்னை எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள், இங்கிருந்தே திருகலாம். இந்த மார்கழியில் ஒரு விடியற்காலை அதில் 1810இலிருந்து 1840 வரை மெதுவாக நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பிய நிலையங்கள் கிழக்கு நோக்கிக் கூப்பிடுவது கேட்கும். அதிர்ஷ்டமிருந்தால் நம் பக்கத்து ‘வி, யு’ நிலையம் ஒன்றும் அடியில் கேட்கும். ஐந்தரைக்காவது எழுந்துவிடுங்கள். ஏழு மணிக்குப் போய்த் திருகிவிட்டு, நம்மாள் ஒருத்தரும் கேட்கவில்லையே என்று எனக்குக் கமெண்ட் போடாதீர்கள்.